சக்கரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

என் கணவர் இறந்தபோது நான் அழவில்லை என்பது எங்கள் தெருவில் கொஞ்ச நாளைக்குப் பெரிய பேச்சாக இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த வேலை முடியாதவர்களைப் போல எழுந்து போனார்கள். நான் ஏதோ வீம்புக்கு அழாமல் இருப்பதாகச் சிலர் நினைத்தார்கள். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். தொடுவது விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

அவர் ஜீப் ஓட்டினார். கம்பம் ஊரிலிருந்து விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு என்கிற மலைச்சாலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவரும் ஜீப். அவருடைய அம்மாவும் அதே வண்டியில்தான் ஏலக்காய் எடுக்கப் போவார். எனக்கு அத்தை. மகன் ஓட்டும் வண்டியில் முன்சீட்டு கிடைக்கும் என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள், ஆனால் அத்தை பின்னால் நெருக்கிக்கொண்டுதான் உட்காருவார். ஒரு நாள் சாயங்காலம் மலை இறங்கும்போது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி கவிழ்ந்தது. பெண்களுக்கு அடி, அத்தைக்கு இடது கை முறிவு. அவர் பிழைக்கவில்லை.

மெட்டுப் பாதையில் பாதி மலையில் ஒரு சுனை உண்டு. இறங்கும் ஜீப்புகள் எல்லாம் அங்கே நிற்கும். அதுவரை மிதித்து மிதித்து வந்ததில் சக்கரமெல்லாம் அனலாகக் கொதிக்கும், கருகல் வாடை அடிக்கும். பெண்கள் இறங்கி, சோறு கொண்டுபோன தூக்குவாளியைக் கழுவி, அதிலேயே தண்ணீர் பிடித்து நான்கு சக்கரத்துக்கும் ஊற்றுவார்கள். சுர்ரென்று ஆவி கிளம்பும். "வண்டிக்குத் தாகம்" என்பார்கள். யார் எந்தச் சக்கரத்துக்கு ஊற்றுவது என்பதில்கூட ஒரு முறை இருக்கிறது. டிரைவர் வீட்டுப் பெண் வண்டியில் இருந்தால் முன்சக்கரம் அவளுக்கு. மழைக்காலத்திலும் இது நடக்கும். ஊற்றாமல் இறங்கினால் டிரைவர் அக்கறையில்லாதவன் என்று பேர்.

அத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையைக் கட்டித் தொங்கவிட்டபடி வந்தவர்களிடமெல்லாம் சொன்னது ஒன்றுதான். "ஒரு கொறையும் வைக்கல. சுனையில நிறுத்தித்தான் எறங்குனோம். முன்சக்கரத்துக்கு எங் கையாலதான் ஊத்துனேன்." செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம், அதற்கு மேல் விதி என்பது அதன் பொருள். அவருக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். வீட்டுக்கு வந்த பிறகும் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பட்டறைக்காரர் டிரம்மைக் கழற்றிப் பார்த்துவிட்டு, லைனிங் வெந்துபோயிருக்கிறது, மட்டமான சரக்கு என்றார். பிரேக்கை மிதித்தால் சக்கரத்தின் இரும்பு டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிறதே, அந்த வளைந்த பட்டைதான் லைனிங். எல்லோரும் அதையே நம்பினோம். நான் கூடுதலாக நம்பினேன், ஏனென்றால் எனக்கு அது பாடம்.

தேனிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வகுப்பு எடுத்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். வாழை நாரை வைத்துக் கார் கதவுக்கு உட்பலகை செய்வது என் தலைப்பு. என் வழிகாட்டிப் பேராசிரியர் கெட்டவர் அல்ல. தலைப்பில் 'சுற்றுச்சூழலுக்கு உகந்த' என்று இருந்தால் அவருக்குப் போதும், கீழே என்ன இருந்தாலும் கையெழுத்துப் போடுவார். விடுப்பு முடிந்து போன அன்று, கதவுப் பலகை வேண்டாம், பிரேக் லைனிங் செய்கிறேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடன் வேலை செய்தவர்கள் அதற்குள் ஒரு கதை கட்டிவிட்டார்கள். கணவருக்காக லைனிங் செய்கிறாளாம். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது. எனக்குத்தான் கலங்கவில்லை. யார் எது பேசினாலும் காதில் விழாமல் போன அந்த நாட்களில், உராய்வு என்ற ஒரு சொல் மட்டும் விழுந்தது. அவ்வளவுதான் விஷயம்.

கடையில் வாங்கும் மலிவு லைனிங்கில் இன்னமும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கிறது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பட்டறையில் டிரம்மைக் கழற்றியதும் முதல் காரியமாக வாயால் ஊதுவார்கள். என் கணவரும் ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து ஊதிவிட்டு, புருவமெல்லாம் சாம்பல் நிறமாக உள்ளே வந்து காபி கேட்பார். முகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று நான் எரிந்து விழுவேன்.

கல்நாருக்குப் பதில் வாழை நார். சின்னமனூர் பக்கம் தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்து வரப்பில் போட்டுவிடுவார்கள். அதை எடுத்துவந்து நார் உரித்து, சோடாக் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, அரிசி நீளத்துக்கு நறுக்க வேண்டும். சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்துக் கொட்டும் சாம்பல், இரும்பு வார்ப்பாலையில் ஒதுக்கும் கசடு, முந்திரி ஓட்டுத் தூள், எல்லாவற்றையும் கட்டிப்பிடிக்க ஒரு பிசின். கலந்து, அச்சில் கொட்டி, சூட்டில் அழுத்த வேண்டும். அழுத்தும்போதே இடையிடையே அச்சைக் கொஞ்சம் திறந்து விடவேண்டும். பிசினிலிருந்து கிளம்பும் ஆவி வெளியே போகாவிட்டால் உள்ளுக்குள்ளேயே வெடித்துவிடும். மூச்சு விடவைப்பது என்று அதற்குப் பேர்.

நார் கூடினால் கருகியது. சாம்பல் கூடினால் உதிர்ந்தது. கசடு கூடினால் பிடித்தது, ஆனால் டிரம்மையே அரித்துத் தின்றது. என் தலையில் சாம்பல், பையில் சாம்பல், சாப்பாட்டுப் பாத்திரத்தில் சாம்பல். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். தோற்றுப்போன துண்டுகளை வரிசையாக ஜன்னலில் வைத்தேன். ஆய்வு செய்ய வந்த குழுவில் ஒருவர் அதைப் பார்த்து, ரொம்ப அழகா இருக்கு, பேப்பர் வெயிட்டா என்று கேட்டார். ஆமாம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு கலவை தேறியது. சுழலும் இரும்புத் தட்டின் மேல் லைனிங் துண்டை அழுத்தித் தேய்க்கும் எந்திரம் ஒன்று கல்லூரியில் இருக்கிறது. எவ்வளவு சூடேற்றியும் என் துண்டு பிடியை விடவில்லை. வழிகாட்டி எனக்குக் கை கொடுத்தார். நானும் கொடுத்தேன். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அந்த இடத்தைத் தாண்டி நடந்து போனேன்.

என் கொழுந்தனும் ஜீப்தான் ஓட்டுகிறான். அண்ணன் போன பிறகு அத்தை அவன் வண்டியில்தான் போகிறார். போக வேண்டாம் என்று நானும் அவனும் சொல்லிப் பார்த்தோம். "வீட்டுல உக்காந்து சொவத்தப் பாக்கவா?" என்றார். கை நேராக நீளாது, இருந்தாலும் காய் எடுக்கும் வேகம் குறையவில்லை. எனவே அந்த லைனிங் எனக்கு வெறும் ஆராய்ச்சி அல்ல. தினமும் காலையில் அத்தையும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் எதை நம்பி மலை இறங்குகிறார்கள் என்பதுதான் அது.

"எந்திரத்துல ஓட்டுனது போதும் மதினி. என் வண்டியில போடுங்க" என்றான் கொழுந்தன்.

"ஆள் ஏத்தக் கூடாது."

"மணல் மூட்ட ஏத்துவோம். அது சாபம் விடாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் புது லைனிங்கை பிரேக் ஷூ என்கிற இரும்பு வளைவில் ஒட்டி மாட்டினோம். பின்னால் மணல் மூட்டைகள், முன்னால் நானும் அவனும். ஏறினோம், மேலே டீ குடித்தோம், இறங்கினோம். வேண்டுமென்றே கியரில் அடக்காமல் பிரேக்கையே மிதித்து வந்தான். வளைவுக்கு வளைவு பிடித்தது. கருகல் வாடைகூட இல்லை. "கல்லு மாதிரி நிக்கிது மதினி" என்றான். சுனை வந்தது. நிறுத்தினான். இறங்கி, பின்னால் கிடந்த வாளியை எடுத்துத் தண்ணீர் பிடித்து, சக்கரம் சக்கரமாக ஊற்றினான். ஆவி வந்தது. ஆவி நிற்கும்வரை ஊற்றினான். ஏன் ஊற்றுகிறாய் என்று நான் கேட்கவில்லை. கோவிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறவனை ஏன் என்று கேட்போமா?

வண்டி நகர்ந்து அடுத்த வளைவுக்கு வந்தது. மிதித்தான். வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தான். ஈரச் சோப்பில் கால் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து மண்மேட்டில் மூக்கைச் செருகினான். மணல் மூட்டை ஒன்று சரிந்து என் தோளில் விழுந்தது. அவன் இறங்கி நின்று மேலே பார்த்தான். சுனை இருந்த வளைவு மேலே தெரிந்தது.

"அண்ணன் வண்டி இங்கன இருந்துதான போச்சு" என்றான்.

அதற்குப் பிறகு மெதுவாக இறங்கினோம். கொஞ்ச தூரத்திலேயே பிரேக் பழையபடி கல் மாதிரி பிடித்தது.

மறுநாள் கல்லூரியில் துண்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து எந்திரத்தில் வைத்தேன். முதல் சில அழுத்தங்களுக்குப் பிடிப்பே இல்லை. பிறகு காய்ந்து பிடித்தது. அத்தனை சோதனைகளையும் உலர்வாகவே செய்திருக்கிறேன். சூடு, சூடு என்று சூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கடையில் வாங்கிய கல்நார் லைனிங்கை முக்கி வைத்தேன். அதுவும் வழுக்கியது. வாழை நார் வழுக்கிய அளவுக்கு நேரம் இல்லை, கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரு வளைவைத் தவறவிட அது போதும். எந்தச் சரக்கானாலும் நனைந்தால் முதலில் கைவிடும். அவர் வண்டியில் லைனிங் வெந்திருந்ததும் உண்மையாக இருக்கலாம். அதைச் சோதிக்க இன்று அந்த லைனிங் இல்லை. என்னால் சொல்ல முடிந்தது, சுனையில் ஊற்றிய தண்ணீர் உதவவில்லை என்பதுதான். அது நல்லது செய்யவில்லை, கெட்டதுதான் செய்திருக்கும்.

எந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. முன்சக்கரத்துக்கு எங் கையாலதான் ஊத்துனேன் என்ற அத்தையின் குரல் மட்டும் கேட்டது.

அன்று சாயங்காலம் அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சின்னவன் இனிமே தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொல்றான். நீதான் சொன்னியாம். ஏன் தாயி?"

"புது லைனிங்குல வாழ நாரு இருக்கு அத்த. நாரு தண்ணியக் குடிச்சுரும். கொஞ்ச நேரத்துக்குப் பிடிக்காது."

கை நின்றது. "கடை லைனிங்குல நாரு இல்லைல்ல?"

"வாழ நாரு இல்ல."

"அப்ப அதுக்கு ஊத்துனா ஒண்ணும் செய்யாது."

அது கேள்வியா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. கீரைக்காம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செய்யாது அத்த" என்றேன்.

அவர் மறுபடி ஆய ஆரம்பித்தார்.

பழியைத் தூக்கி என் லைனிங்கின் தலையில் போட்டாயிற்று. அது பேசாது. நாரைச் சோடாவில் இன்னும் கூடுதலாக ஊறவைத்தேன், மெழுகுப் பூச்சுக் கொடுத்துப் பார்த்தேன், தண்ணீர் குடிப்பது குறைந்தது. மணல் மூட்டையோடு பல தடவை இறங்கி ஏறிய பிறகுதான் கொழுந்தன் அந்த லைனிங்கோடு ஆள் ஏற்றினான். சுனையில் நிற்பான், பெண்கள் முகம் கழுவுவார்கள், தண்ணீர் குடிப்பார்கள். சக்கரத்துக்கு ஊற்றுவதில்லை. கொஞ்ச தூரம் கியரிலேயே இறங்கி, அங்கங்கே நின்று ஆறவிட்டு வந்தான். ஜீப் ஸ்டாண்டில் அவனைக் கேலி செய்தார்கள். "ஏலே, வாழ நாரு வண்டிக்குத் தண்ணி ஆகாதாம்ல. சளி புடிச்சிரும்னு டாக்டரு சொல்லிருக்காக." அந்த டாக்டர் நான்தான்.

மற்ற வண்டிகள் ஊற்றிக்கொண்டேதான் இருந்தன. அது எனக்குத் தெரியும். இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். ஸ்டாண்டில் சொன்னால் சாயங்காலத்துக்குள் அத்தை காதுக்கு வந்துவிடும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கொழுந்தன் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தான். அத்தையை இறக்கிவிட்டு, வாசலுக்கு வெளியிலேயே என்னைக் கூப்பிட்டான். அவனுக்கு முன்னால் இறங்கிய ஜீப் சுனைக்குக் கீழே அதே வளைவில் பாறையில் மோதியிருக்கிறது. நல்லவேளை, மலைப் பக்கம். ஒரு பெண்ணுக்கு முன்பல் போய்விட்டது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

"கடை லைனிங்கு மதினி. புதுசு. போன வாரந்தான் மாத்துனாக. அதுல நாரு இல்ல."

நான் வாசல் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"அண்ணன் வண்டியிலயும் நாரு இல்ல" என்றான். "எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க அம்மாட்ட சொன்னதுக்கு நான் குறுக்க பேசல."

"ஸ்டாண்டுல எல்லாருக்கும் சொல்லிரு. எந்த லைனிங்கானாலும் ஊத்தக் கூடாதுன்னு நாளைக்கே சொல்லு."

"அம்மாட்ட?"

"நான் சொல்றேன்."

உள்ளே போனேன். அத்தை ஈரப் புடவையை மாற்றிவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். சூடான லைனிங், தண்ணீர், பிடிப்பு. வாழை நார் மட்டும் இல்லை, எல்லாமே அப்படித்தான் என்றேன். லைனிங் வெந்ததுகூடக் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அது யாருக்கும் உதவாத வாக்கியம்.

அத்தை துண்டை மடித்துக் கொடியில் போட்டார். நேராக நீளாத கையால் அதன் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"போதும்மான்னு சொன்னான்" என்றார். "ஆவி நின்னுருச்சு, போதும்மா, வந்து ஏறுன்னான். நாந்தான் இன்னொரு வாளி கொண்டாந்தேன்."

நான் சோறு போட்டேன். சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். மோர் புளித்திருந்தது என்பது நினைவிருக்கிறது.

மறுநாள் வேலைக்குப் போக மாட்டார் என்று நினைத்தேன். வழக்கம்போல எழுந்து, தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக்கொண்டு, இருட்டில் ஜீப் ஏறிப் போனார்.

சாயங்காலம் நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. அத்தை பின்பக்கம் குழாயடிக்குப் போய்த் தூக்குவாளியைக் கழுவ ஆரம்பித்தார். கொழுந்தன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அம்மா இன்னைக்குச் சுனையில எறங்குச்சு" என்றான். "நாங்க கெளம்பலாம்னாலும் வரல. அங்கனயே நின்னுக்கிருச்சு. பின்னால வர்ற ஒவ்வொரு வண்டியும் நிக்க நிக்க, வாளியோட எறங்குற பொம்பளைகளப் போயி மறிக்கிது. ஊத்தாதீகங்குது. ஏன்னு கேக்குறாக. எல்லார்ட்டயும் ஒண்ணத்தான் சொல்லுச்சு."

"என்ன சொன்னாக?"

"எம் மகன் வண்டிக்கு எங் கையாலதான் ஊத்துனேன்னு."

தோசை கருகும் வாடை வந்தது. திருப்பப் போன கை கரண்டிக்குப் பதில் கல்லின் விளிம்பைப் பிடித்துவிட்டது. வலித்தது. சுட்ட இடம் மட்டுமல்ல, தோள்வரை வலித்தது. அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. கொழுந்தன்தான் அணைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

பின்பக்கம் வாளி கழுவும் சத்தம் நின்றது. யாரு அழுகுறது என்று கேட்டுக்கொண்டே அத்தை உள்ளே வந்தார்.